இருபத்து மூன்றாவது பெயர்

ஃபரூக் பாய் இடது ஓரத்தில் இருந்த புளியங்கொட்டையைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்ததும் ரேணுகாதேவிக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த புளியைக் கூடையில் வீசிவிட்டு வந்து, அதே கொட்டையை எடுத்து, அதே இடது ஓரத்தில் டொக்கென்று வைத்தாள்.

"இத்த இங்கிருந்து எடுத்தீங்கன்னா பாருங்க பாய்."

"கோவப்படாத ரேணுகா. மொத மேட்ச் கொரியாக்காரிங்களோட. ஒவ்வொருத்தியும் இன்னா ஒசரம் கீறா, பாத்தியா? நம்ம அன்பரசி இன்னா ஒசரம்? மேல வர்ற பந்துக்கு யாரு தல குடுக்கறது? மொத பாதி பெஞ்சுல உக்கார வெச்சுட்டு, அவளுங்க மூச்சு வாங்கசொல்ல இவள எறக்கணும். அதான் பிளான்."

"உங்க பிளான ஒடப்புல போடுங்க."

சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். தை பிறந்தால் சித்திரை முடியும் வரை ஜமுனாமரத்தூர் புளிக் கொட்டகையில் இதே கூத்துதான். பாய் வாணியம்பாடியிலிருந்து வந்து, கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, மலை முழுக்கச் சுற்றிப் புளி வாங்குவார். பதினைந்து பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி ரேணுகா. பாய் இளவட்டத்தில் தோல் பதனிடும் ஷாப் டீமுக்குப் பின்வரிசையில் ஸ்டாப்பராக நின்றவர். முட்டி போன பிறகு கால் செய்த வேலையை வாய் செய்கிறது. செங்கல் துண்டால் தரையில் மைதானம் கீறி, பதினொரு கொட்டைகளை நிறுத்தி, உலகத்துக் கோச்சுகள் அத்தனை பேரும் முட்டாள்கள் என்று நிரூபித்துவிட்டுத்தான் மத்தியானச் சோற்றில் கை வைப்பார். அவருடைய பிக்கப்பை ஓட்டும் ராஜவேலுதான் நிரந்தர எதிர்க்கட்சி. பாய் மூன்று பேரைப் பின்னால் நிறுத்தினால் அவன் நாலு என்பான். நாலு என்றால் ஐந்து என்பான்.

மற்ற வருஷங்களில் எந்த தேசத்துக்காரன் எங்கே நின்றால் ரேணுகாவுக்கு என்ன? புளி காய்ந்ததா, கூடை நிறைந்ததா, அவ்வளவுதான் அவள் கவலை. இந்த வருஷம் அப்படி விட முடியவில்லை. இடது ஓரத்துக் கொட்டை அவள் அண்ணன் சின்னராசுவின் மகள். பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணிக்கு பெங்களூரில் கேம்ப் நடக்கிறது. அங்கே இருக்கும் நாற்பது பேரில் ஒருத்தி இந்த மலைக்காரி. அன்று மூன்று மணிக்கு ஆசியப் போட்டிக்குப் போகும் இருபத்து மூன்று பேரின் லிஸ்ட் வரப்போகிறது. பெயர் வந்தால் விமானம். வராவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஏறி வந்தால் என்ன நடக்கும் என்பதும் ரேணுகாவுக்குத் தெரியும். கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன், போனில் இரண்டு முறை சொல்லிவிட்டான், பந்து ஆடினது போதும், ஒரு இடம் வந்திருக்கிறது என்று. பதினாறு வயதில் ரேணுகாவுக்கு இடம் பார்த்தவனும் அவன்தான். அந்த லட்சணம் இரண்டு வருஷத்தில் அடியும் உதையுமாக முடிந்து, அவள் திரும்பி வந்து, இதோ புளி உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாய் சொல்றது தப்புக்கா" என்றான் ராஜவேலு. "அன்பரசிய வெளிய வெச்சா லெஃப்ட்ல யாரு? ரைட் கால்காரி ஒருத்திய கொண்டாந்து நிறுத்தணும். அவ ஒவ்வொரு பந்துக்கும் உடம்பத் திருப்பிகினு நிப்பா. அதுக்குள்ள கொரியாக்காரி கோல் போட்டுட்டு டீ குடிச்சிருப்பா."

"கேளுங்க பாய். உங்க டிரைவருக்கு இருக்கற மூள உங்களுக்கு இல்ல."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாயும் சிரித்தார். ஆனால் கொட்டையை மறுபடி வெளியே தள்ளத்தான் செய்தார்.

கொட்டகையில் தராசு இருக்கும் மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். மூன்று மணிக்கு ராஜவேலு தராசுத் தட்டின் மேலேயே ஏறி நின்றுகொண்டான். மூன்று பத்துக்கு லிஸ்ட் வந்தது. வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டே போனவன், கீழே வந்ததும் மறுபடி மேலே போனான். மறுபடி கீழே வந்தான்.

"இன்னாடா, வாயில கொழுக்கட்டையா?"

"பேரு இல்லக்கா."

ரேணுகா தராசடிக்கு ஓடினாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் அன்பரசியின் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். இல்லை. தடுப்பாட்டக்காரிகள் என்று ஏழு பேர். அதில் இடது காலில் பந்தை ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தால் தன் காதை அறுத்து வைக்கிறேன் என்றான் ராஜவேலு. அவளை பெஞ்சில் உட்கார வை என்று காலையிலிருந்து மல்லுக்கட்டிய பாய்தான் இப்போது எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தார்.

"அரே, பெஞ்சுலன்னுதானே நான் சொன்னேன்! லிஸ்ட்லயே இல்லன்னா இன்னா அர்த்தம்? பாதி மேட்ச் முடிஞ்சு எதிராளி களைச்சப்புறம் அந்தப் பொண்ண வுட்டா வெறி புடிச்ச மாரி ஓடும், அத்தப் போய் வூட்டுக்கு அனுப்புவானா ஒருத்தன்? கண்ணு அவிஞ்சு போச்சா அவனுக்கு?"

"சிபாரிசு பாய், எல்லாம் சிபாரிசு" என்றாள் ரேணுகா. குரல் அவளுக்கே பிடிபடாத உயரத்துக்குப் போயிருந்தது. "மலைக்காரின்னா இளப்பம். கேக்க ஆள் இல்லன்னு நெனச்சுட்டானுங்க. அந்தக் கோச்சு நம்பர் குடு ராஜவேலு, நாலு வார்த்த நாக்கப் புடுங்கிக்கற மாரி கேக்கறேன்."

நம்பர் எங்கே இருக்கிறது? ரசிகர்கள் கூடும் பக்கம் ஒன்று போனில் இருந்தது. நாடு முழுக்க இருக்கும் கால்பந்துப் பைத்தியங்கள் அங்கே காலையிலிருந்து யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பாய் சொல்லச் சொல்ல, அன்பரசி எங்கே என்று ராஜவேலு எழுதிப் போட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சென்னைக்காரன் எவனோ பதில் போட்டிருந்தான். 'அதுவா? வயசு ஃப்ராடு. ரெண்டு பொறந்த தேதி வெச்சிருக்காளாம். மலையிலிருந்து வர்றதுங்க எல்லாம் இப்படித்தான்.' அதற்குக் கீழே நூற்றுச் சொச்சம் பேர் சிரித்து வைத்திருந்தார்கள்.

ரேணுகா அதைப் படித்துவிட்டு, பேசிப் பதிவு செய்யும் பொத்தானை அமுக்கிக்கொண்டு திட்டினாள் பாருங்கள், சுத்தியல் தட்டிக்கொண்டிருந்த பதினைந்து கையும் நின்றுவிட்டது. அவனுடைய ஆத்தாவில் ஆரம்பித்து, அவன் வீட்டில் நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளை வரைக்கும் யாரையும் விடவில்லை. எங்க பொண்ணு வயசு எங்களுக்குத் தெரியாதா, நீ வந்து தொப்புள்கொடி அறுத்தியா என்று கேட்டாள். தான் கேட்டது தன் காதிலேயே விழுந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

இரண்டு தேதி.

"இரு, இரு" என்றார் பாய், போனை எட்ட வைத்துக் கண்ணைச் சுருக்கியபடி. "இருபத்து மூணு பேருன்னுதானே சொன்னாங்க? இதுல இருபத்து ரெண்டுதான் கீது."

அப்போதுதான் ரேணுகாவின் போன் அடித்தது. அன்பரசி. அழுது முடித்த குரலாக இல்லை. கோபத்தில் இருந்தாள். கோபம் வந்தால் அத்தையின் குரல் அப்படியே அவளுக்கு வந்துவிடும்.

"அத்தே, நீ இன்னா காயிதம் அனுப்பிக் கீற?"

"இன்னாடி ஆச்சு?"

"ஆதார்ல ரெண்டாயிரத்துப் பத்து கீது. நீ அனுப்புன சர்டிபிகேட்டுல ரெண்டாயிரத்து எட்டு. ஒம்போதுக்கு அப்புறம் பொறந்தவங்கதான் ஆடணும். மணிக்கட்டப் படம் எடுத்துப் பாத்துட்டு வயசு கம்மிதான்னு டாக்டரே சொல்ட்டாரு. ஆனா காயிதம் சரியா இருக்கணுமாம். எல்லாரு முன்னாலயும் மேனேஜர் என்ன நிக்க வெச்சுக் கேட்டாங்க அத்தே, ஃப்ராடு மாரி. என் எடத்த வெள்ளிக்கெழம அஞ்சு மணி வரிக்கும் காலியா வெச்சிருக்காங்க. அந்தக் காயிதம் என்து இல்ல, வேற புள்ளையோடதுன்னா, அம்மா கைப்பட எழுதிக் குடுத்து, தாசில்தார் கையெழுத்து, சீலு வேணுமாம்." மூச்சு வாங்கினாள். "அதுல என் பேரு கீது. அப்பா பேரு கீது, அம்மா பேரு கீது. அது யாரு காயிதம் அத்தே?"

"நான் பாத்துக்கறேன். நீ போய் சாப்புடு."

"யாருதுன்னு கேக்கறேன்ல?"

ரேணுகா போனை வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் பாதிப் பேச்சில் போனை வைத்தவள் இல்லை. தராசுத் தட்டிலேயே உட்கார்ந்தாள். அவள் கனத்துக்கு முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

பாயும் ராஜவேலுவும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பச்சையம்மா அண்ணிக்கு முதல் பெண் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்தது, காகிதம் உண்டு. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து, பஸ் வருவதற்குள் அண்ணி மடியிலேயே போய்விட்டது. அப்போது அண்ணி வயிற்றில் அடுத்தது நாலு மாசம். அது அடைமழையில் வீட்டிலேயே பிறந்தது. அதற்குக் காகிதம் எழுத யாரும் இறங்கிப் போகவில்லை. ரேணுகா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் போய் அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தால் அதே பெயர்தான். அத்தைக்காரி மடியில் போட்டு மூன்று முறை காதில் பெயரைச் சொல்லி, 'வந்துட்டா' என்று கூட்டத்துக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். அதோடு சரி. போனவளைப் பற்றி அதற்கப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. பேச்செடுத்தால் வந்தவளும் கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். பத்தொன்பது வயதில் மடியில் போட்டுச் சொன்னவள் ரேணுகாதான். சின்ன அன்பரசிக்கு, தனக்கு முன்னால் ஒருத்தி இருந்தது இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

போன மாசம் கேம்பிலிருந்து பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பெட்டியைக் குடைந்ததில் ஒன்றே ஒன்று கிடைத்தது. தேதியைப் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல ரேணுகாவுக்கு மனசு வரவில்லை. பார்த்தாள். இரண்டாயிரத்து எட்டு என்று பளிச்சென்று இருந்தது. பெயர் இருக்கிறது, அப்பன் ஆத்தா பெயர் இருக்கிறது, வந்தவளும் போனவளும் ஒருத்திதானே என்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். பதினைந்து வருஷம் சொல்லிச் சொல்லி, அவளே அதை நம்பிவிட்டிருந்தாள்.

"நான்தான் பாய்" என்றாள். "கோச்சும் இல்ல, சிபாரிசும் இல்ல. என்னச் செருப்பால அடிக்கணும்."

பாய் தராசை நெருங்கி வந்தார். "செத்ததுக்குப் பதிவு எதுனா கீதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப அம்மா வந்து எழுதிக் குடுத்தாத்தான் ஆவும். இன்னிக்கு புதன். போ, போய்க் கூட்டினு வா."

பச்சையம்மா மேட்டுக் கொல்லையில் மரத்தடியில் உலுக்கிய புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேணுகா மூச்சிரைக்கப் போய் நின்று, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பச்சையம்மா நிமிரக்கூட இல்லை.

"யார் செத்தா? எம் பொண்ணு பெங்களூர்ல பந்து ஆடுது."

"அண்ணி, நாள் இல்ல. வெள்ளிக்கெழமைக்குள்ள—"

"எம் பொண்ணு செத்துச்சுன்னு என் வாயால சொல்லணுமா? என் கையால எழுதணுமா?" இப்போது நிமிர்ந்தாள். அதிர்ந்து பேசாத பச்சையம்மாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றதை ரேணுகா அன்றுதான் பார்த்தாள். "மழையில, ரத்தம்கூட நிக்கல எனக்கு. உன் மடியில போட்டுகினு, வந்துட்டா அண்ணி, இனிமே அழக் கூடாதுன்னு சொன்னியே, நெனப்பு கீதா உனக்கு? மொதப் புள்ளைய பொதச்சு அஞ்சு மாசம். நான் கண்ணத் தொடச்சுகினேன். பதினஞ்சு வருஷமா தொடச்சுகினேதான் கீறேன். பொதச்ச எடத்துக்குப் போவ வுட்டீங்களா? ஒரு நாளு, ஒரு வெளக்கு? அந்தப் பக்கம் ஆடு ஓட்டினு போனாக்கூட உங்கண்ணன் கத்துவான். அப்பல்லாம் சாவாத புள்ள, இப்ப உங்க பந்துக்கு வேணும்ன ஒடனே செத்துப்போச்சா?"

ரேணுகாவுக்குப் பதிலுக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வராவிட்டால் அந்த இடத்தில் நிற்கவே முடிந்திருக்காது. "இருக்கறவ வாழ்க்க போவுது அண்ணி! போனவளுக்காக இவளையும் இழுத்து அடுப்படியில உக்கார வெக்கப் போறியா?" என்று கத்தினாள். பச்சையம்மா கையிலிருந்த புளியை அவள் மேலேயே விட்டெறிந்தாள். தோளில் பட்டு விழுந்தது. வலிக்கவெல்லாம் இல்லை. ரேணுகா திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அண்ணனைத் திட்டினாள், வழக்கத்தைத் திட்டினாள், மழையைத் திட்டினாள். திட்டித் தீர்ந்த பிறகு மிச்சம் நின்றது அவள் மட்டும்தான்.

வியாழக்கிழமை முழுக்க அலைந்து கிராம நிர்வாக அதிகாரியின் அறிக்கையை வாங்கினாள். பிரசவம் பார்த்த இரண்டு பெண்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் தயார். ஆத்தாக்காரியின் வாக்குமூலம் மட்டும் இல்லை. கொட்டகையில் பாயும் ராஜவேலுவும், காலியான இடத்துக்கு வேறு யாரையாவது எடுத்துவிடுவார்களோ என்று அடித்துக்கொண்டார்கள். ஒரிசாக்காரி வருவாள் என்றான் ராஜவேலு. வந்தால் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் வாங்குவோம் என்றார் பாய். "ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் ரேணுகா. மூடிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பச்சையம்மா தானாகவே கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தலைக்குக் குளித்திருந்தாள்.

"காத்தால போன் பண்ணிச்சு" என்றாள் யாரையும் பார்க்காமல். "அந்தக் காயிதம் யாருதும்மான்னு கேட்டுச்சு. உன்து இல்லன்னு சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல. பாதியில வெச்சுட்டேன்." கொஞ்சம் நின்று, "வா, போலாம்" என்றாள்.

பாயும் கூட ஏறிக்கொண்டார். ராஜவேலு பிக்கப்பை ஓட்டின ஓட்டுக்குப் பின்னால் கிடந்த சாக்கெல்லாம் எகிறி விழுந்தது. தாலுகா ஆபீஸில் அவர்களுக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ரேணுகா அவர்களிடம் கெஞ்சவில்லை, சண்டை போட்டே முன்னால் போனாள். மேசைக்கு முன் போய் நிற்கும்போது நாலேகால். எழுத்தர் சிங்காரம் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது, தாசில்தார் ஐயா உள்ளேதான் இருக்கிறார் என்றார். பேனாவைத் திறந்தார்.

"இறந்த குழந்தை பேரு?"

பச்சையம்மா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சொல்லுங்கம்மா. அஞ்சு மணிக்கு ஐயா கெளம்பிடுவாரு."

"அன்பரசி."

"அது விளையாடற பொண்ணு பேரும்மா. செத்தது யாரு?"

"அன்பரசிதான். ஜொரத்துல செத்துப்போச்சு. என் மடியில."

அதைச் சொன்னதும் பச்சையம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். ஈரத் தலைமுடி முகத்தை மறைத்து விழ, வயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். உள் அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். என் கண்ணே, தாகத்துக்குக் கேட்டியே, தண்ணி எடுக்கப் போனேனே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நேற்றுச் செத்த பிள்ளைக்கு அழுகிற அழுகை அது.

"இன்னாம்மா இது, ஆபீஸ்ல! மொதல்ல கையெழுத்தப் போடச் சொல்லுங்க, அப்புறம் அழுதுக்கட்டும்" என்று சிங்காரம் பேனாவை நீட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. ரேணுகா குனிந்து பச்சையம்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்து, பேனாவைத் திணித்து, ஒரு கோடு போட வைத்தால் போதும். அண்ணி எதிர்க்கவில்லை. கை துவண்டு கிடந்தது.

அவளுக்கு முடியவில்லை. பிடித்த கையை விடாமலே அவளும் தரையில் உட்கார்ந்தாள். எதிரும் புதிருமாக, முட்டியோடு முட்டி இடிக்க நெருங்கி, அண்ணியின் தோளைச் சுற்றிக் கை போட்டு, தலையோடு தலை சேர்த்தாள். "அழு அண்ணி" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஆடி ஆடி அழுதார்கள்.

சிங்காரம் நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது. வாசலில், ராஜவேலு போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஃபரூக் பாய் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஜேபியிலிருந்து தொழுகைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.